சமையல் முடிந்தது

அத்தியாயம் 9

அன்று காலை தேவதாஸ் தேத்தண்ணி குடிக்காமல் வீட்டை விட்டுக் கிளம்பினார். பழி லில்லியன் மேல். ஆறே முக்காலுக்கு போனில் கூப்பிட்டு, "அண்ணே, காடிய எடுங்க. ரமணியோட ரிமாண்டு நாளைக்கு முடியுது" என்று சொல்லி வைத்துவிட்டாள். முப்பது வருஷம் செம்பனைக் குலை லோரி ஓட்டியவர் தேவதாஸ். அந்த வேலையை விட்ட பிறகு, கோலசிலாங்கூரில் ஒரு கடைவீட்டு மாடியில் துப்பறியும் அலுவலகம் நடத்தும் லில்லியனுக்கு ஓட்டுநர், உதவியாளர், பேச்சுத்துணை எல்லாம் அவர்தான். வயிற்றில் சூடாக ஒன்றும் விழாத நாட்களில் அவருக்கு வாய் கொஞ்சம் கூடுதலாக ஓடும்.

"என் மகளுக்கு இந்நேரம் ரிப்போர்ட்டு போயிருக்கும் பாஸு," என்றார், பதினொரு மணிவாக்கில் பத்தாங் பெர்ஜுந்தாய் சாலையில் ஒரு லோரியைத் தாண்டிக்கொண்டே.

"என்ன ரிப்போர்ட்டு?"

"கெட்டில் ரிப்போர்ட்டு. கிறிஸ்மசுக்கு ஷெல்லி ஒரு கெட்டில் வாங்கிக் குடுத்துச்சில்ல, முன்னூறு வெள்ளியில. நான் இங்க தண்ணி கொதிக்க வச்சா ஜொகூர்ல அது போன்ல மணி அடிக்கும். ஒம்போது மணிக்குள்ள கெட்டில் ஓடலன்னா, அப்பா இன்னும் எந்திரிக்கலன்னு சேதி போவும். தண்ணி அதே தண்ணி, தேத்தூளு அதே தேத்தூளு. கொதிச்சதுக்கு ஒரு சாட்சி, அவ்ளோதான்."

"நல்லதுதானேண்ணே?"

"நல்லதுதான்லா. என் பழைய கெட்டில் பாஞ்சு வெள்ளி. அது விசில் அடிச்சா பக்கத்து வீட்டுக்கே கேக்கும். அதுக்கு இன்டர்நெட்டு வேணாம்."

லில்லியன் சிரிக்கவில்லை. ரமணியின் வக்கீலிடம் காலையிலேயே போய்க் காத்திருந்து வாங்கி வந்த ஒற்றைக் காகிதம் மடியில் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

போன சனிக்கிழமை, சன்னாசி என்ற எழுபத்து நான்கு வயதுக்காரர் பத்தாங் பெர்ஜுந்தாயில் தன் வீட்டுக் குளியலறை வாசலில் இறந்துகிடந்தார். தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோராக இருந்தவர். தனியாக வாழ்ந்தவர். செவ்வாய்க்கிழமை காலையில் வழுக்கி விழுந்து இடுப்பு உடைந்திருக்கிறது. அதன் பிறகு இரண்டு நாளாவது உயிரோடு கிடந்திருக்கிறார் என்றார் டாக்டர். யாராவது கதவைத் தட்டியிருந்தால் போதும், பிழைத்திருப்பார். தினமும் வந்து சமைத்துப் போட்டவள் ரமணி. ஞாயிற்றுக்கிழமையே மருமகள் பிரேமலா தன்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டதாக அவள் சொல்கிறாள். நான் நிறுத்தவே இல்லை என்கிறாள் பிரேமலா. இருவருக்கும் நடுவில் சாட்சி சொன்னது ஒரு சோற்றுக் குக்கர்.

ஆயிரத்து இருநூறு வெள்ளி விலையுள்ள குக்கர் அது. ரவாங்கில் குடியிருக்கும் மகன் ஜீவன் அப்பாவுக்கு வாங்கி வைத்தது. இன்டர்நெட்டோடு இணைந்தது. திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாளும் 'சமையல் முடிந்தது' என்று ஜீவனின் போனுக்கு அது ஒழுங்காகச் சேதி அனுப்பியிருக்கிறது. அந்தப் பட்டியலை அச்சடித்து போலீசிடம் கொடுத்ததும் ஜீவன்தான். சமையல் நடந்ததென்றால் ரமணி வந்திருக்கிறாள். வந்தாளென்றால், கிழவர் தரையில் கிடப்பதைப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறாள். போலீசுக்கு அவ்வளவு போதுமானதாக இருந்தது. ஊருக்கோ அவ்வளவுகூடத் தேவைப்படவில்லை. கிழவனைச் சாகவிட்டவள் என்று கோப்பிக்கடைகளில் அவளுக்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

"நாளைக்கு கோர்ட்டுல நிறுத்திட்டா, அப்புறம் அந்தப் பொம்பள நிரபராதின்னு சொல்றதுக்குள்ள நமக்கு நர தட்டிரும்," என்றார் தேவதாஸ்.

"உங்களுக்கு ஏற்கனவே தட்டியாச்சு," என்றாள் லில்லியன். அன்றைக்கு அவள் அடித்த ஒரே ஜோக் அதுதான்.

சன்னாசியின் வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு நாகமணி வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அறுபது வயதிருக்கும். ரமணியின் அக்கா காளியம்மா அனுப்பிய ஆட்கள் என்றதும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"போன வாரம் ரமணி வந்து போனதப் பாத்தீங்களா அக்கா?" என்று கேட்டாள் லில்லியன்.

"பாக்கலம்மா. போலீசுகிட்டயும் அதான் சொன்னேன். நீங்க பாக்கலன்னா அது வரலன்னு ஆயிருமான்னு கேட்டாங்க. நான் என்னத்தச் சொல்ல?" கொஞ்சம் தயங்கினாள். "ஆனா கஞ்சி வரலம்மா."

"என்ன கஞ்சி?"

"வடிச்ச கஞ்சி. பெரியவருக்கு சீனி வியாதி. குக்கர் சோறு ஆவாதுன்னு அலுமினியப் பானையில வடிச்சித்தான் போடும் ரமணி. தோட்டத்துல ஆள் கணக்கெடுக்குற பெரட்டுக்கு விடியக்கால அஞ்சரைக்கே போய் நின்ன மனுசன் இல்லையா, வேலைய விட்டப்புறமும் அவருக்குப் பதினொன்னரைக்குச் சோறு வந்தாகணும். வடிச்ச கஞ்சிய ஒரு ஜாடியில ஊத்தி வேலிக்கு மேல நீட்டும். நான் உப்புப் போட்டுக் குடிப்பேன். திங்கக்கிழமையில இருந்து அது வரல."

"அப்ப ஜீவன் வாங்கிக் குடுத்த குக்கரு?" என்றார் தேவதாஸ்.

நாகமணி வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "அதுல பச்சத்தண்ணி ஊத்தி அமுக்கி விட்டுரும். மகன் அங்க போன்ல பாக்குறாரில்ல, அவரு மனசு நெறைஞ்சிருக்கட்டும்னு பெரியவருதான் சொல்லிக் குடுத்தாரு. அந்தச் சுடுதண்ணியில குளிச்சிக்குவாரு."

"ஆயிரத்து இருநூறு வெள்ளிக்கு வெந்நீர் அண்டா," என்று சிரித்தார் தேவதாஸ். லில்லியன் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"கஞ்சி வரலன்னதும் நீங்க போய் என்னான்னு கேக்கலியா அக்கா?"

இந்தக் கேள்விக்காகவே நாலு நாளாகக் காத்திருந்தவள் போல நாகமணி முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். "ஞாயித்துக்கிழம காலையில ஜாடியத் திருப்பிக் குடுத்தேன். எப்பவும் வெறும் ஜாடியாக் குடுக்க மாட்டேன்மா. ஒரு கொத்து கருவேப்பிலையோ, ரெண்டு மொளகாயோ போட்டுத்தான் குடுப்பேன். அன்னைக்குக் கோயிலுக்குப் போற அவசரத்துல வெறும் ஜாடியாவே குடுத்துட்டேன். மறுநாள் கஞ்சி வரலன்னதும், அதுக்குத்தான் கோவிச்சிக்கிச்சுன்னு நெனச்சேன். ஒரு கொத்து கருவேப்பிலைக்கு இம்புட்டு ரோசமான்னு எனக்கும் ரோசம் வந்துருச்சு. நீயா வந்து பேசுனாப் பேசுன்னு இருந்துட்டேன்."

"வீட்டுச் சாவி யாருகிட்ட இருக்கு?"

நாகமணி சுவரைக் காட்டினாள். நாட்காட்டிக்குக் கீழே ஆணியில் சாவி தொங்கியது. "என்கிட்டதான்மா இருந்துச்சு," என்றாள். லில்லியன் அதை ஆணியிலிருந்து எடுத்துக்கொள்ள, மூவரும் பக்கத்து வீட்டுக்குப் போனார்கள்.

சன்னாசியின் சமையலறையில் இரட்டை அடுப்பு இருந்தது. கேஸ் சிலிண்டர் இல்லை. அது நின்ற இடத்தில் துரு வட்டம் மட்டும் இருந்தது. சுவரில் கரி படிந்த ஆணி இருந்தது, அதில் மாட்டும் பானை இல்லை. மேசை நடுவில் வெள்ளை வெளேரென்று அந்தக் குக்கர். லில்லியன் மூடியைத் திறந்தாள். உள்பானை கழுவித் துடைத்துப் பளிச்சென்று இருந்தது.

"பெரியவரு கழுவாம வைக்க மாட்டாரு," என்றாள் நாகமணி, வாசலில் நின்றபடியே. உள்ளே வர அவளுக்கு மனமில்லை.

லில்லியன் மேசை இழுப்பறையைத் துழாவிக் குக்கரின் விளக்கப் புத்தகத்தை எடுத்தாள். பிறகு வக்கீல் கொடுத்த பட்டியலை விரித்தாள். தேதி, ஆரம்பித்த நேரம், முடிந்த நேரம். ஒவ்வொரு வரிக்கும் கடைசியில் ஒரு பச்சை டிக்.

"அண்ணே, கழித்தல் கணக்கு வருமா?"

"முப்பது வருஷம் தோட்டத்துல கணக்கெழுதுற கிராணிகிட்ட மல்லுக்கு நின்னவன்கிட்ட கேக்குற கேள்வியா இது?"

"ரமணி வந்துட்டு இருந்த நாளு ஒன்னு சொல்றேன். ஆரம்பம் பத்து அஞ்சு. முடிவு பதினொன்னு இருவது."

"ஒன்னேகா மணி நேரம்."

"சோறு வேக அவ்ளோ நேரமா? தண்ணி வத்தலன்னா அதுவா நின்னுக்குற நேரம் அதுன்னு புத்தகத்துல போட்டிருக்கு."

"கல்லே வெந்துரும். அக்கா சொன்னாப்ல, பச்சத்தண்ணி."

"திங்கக்கிழம. ஒன்னு நாலு, ஒன்னு நாப்பத்திரெண்டு."

"முப்பத்தெட்டு நிமிஷம். இது சோறுதான்."

"செவ்வாக்கிழம. ஒன்னு மூணு, ஒன்னு ஒம்போது."

தேவதாஸ் இரண்டு தடவை கழித்துப் பார்த்தார். "ஆறு நிமிஷம்."

"புதன் ஆறு. வியாழன் ஆறு. வெள்ளி ஆறு. ஆறு நிமிஷத்துல என்னண்ணே வேகும்?"

"என் வாய்தான் வேகும்."

போலீஸ் பார்த்திருக்கிறது, வக்கீல் பார்த்திருக்கிறார், பெற்ற மகன் பார்த்திருக்கிறான். எல்லாரும் டிக்கைத்தான் பார்த்தார்கள். கழித்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. தேவதாஸுக்கு எரிச்சலாக வந்தது.

லில்லியன் வெறும் பானையைக் குக்கருக்குள் வைத்து மூடி, செருகியைச் செருகி, பொத்தானை அழுத்தினாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பன்னிரண்டு இருபத்தெட்டு. இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, வாசலில் நாகமணியின் போன் அலறியது. அவள் தள்ளிப் போய்ப் பேசிவிட்டுத் திரும்பி வந்தாள்.

"ஜீவன் வீட்டுல இருந்து. உள்ள யாருன்னு கேக்குறாங்க. நான்தான் வீடு கூட்டுறேன்னு சொல்லிட்டேன்மா. தப்பா?"

"சரியாத்தான் சொன்னீங்க," என்றாள் லில்லியன்.

ஆறாவது நிமிடம் குக்கர் ஒரு பாட்டைப் பாடியது. சின்னத் திரையில் 'சமையல் முடிந்தது' என்று ஆங்கிலத்தில் எழுத்து ஓடியது. உள்ளே ஒரு சோற்றுப் பருக்கைகூட இல்லை.

"என்கிட்ட ஒன்னு இருக்கு, நாப்பது வெள்ளி," என்றார் தேவதாஸ். "ஒரே ஒரு விசை. தண்ணி இருக்குற வரைக்கும் பானை ஓரளவுக்கு மேல சூடாவாது. தண்ணி வத்துனா சூடு ஏறும், விசை டக்குன்னு எகிறிடும். பானையில ஒன்னுமே இல்லன்னா ஒடனே சூடேறி, சோறு வெந்துருச்சின்னு அதுவா நெனச்சுக்கும். இதுவும் அதே கூத்துதான் பாஸு. இது பாட்டுப் பாடுது, அதுக்குத்தான் மிச்சக் காசு, டுயிட்டு எல்லாம்."

"அப்ப செவ்வாயிலருந்து வெள்ளி வரைக்கும் இந்த வீட்டுல யாரும் அரிசி போடல, தண்ணி ஊத்தல. வெறும் பானைய வெளியூர்ல இருந்து யாரோ ஆன் பண்ணியிருக்காங்க."

"யாரோ என்ன, மகன்தான். மாமா குக்கரு வீட்டுக்காரரு போன்ல இருக்கு, எனக்கு அதெல்லாம் தெரியாதுன்னு மருமக போலீசுல எழுதிக் குடுத்திருக்குல்ல. இப்பக்கூட நீங்க அமுக்குன ரெண்டாவது நிமிஷம் அங்கருந்து போனு. வேற யாரு?"

தேவதாஸ் காரைத் திருப்பிக்கொண்டு வந்து நிறுத்தும்போது, அவள் வேலியோரம் நாகமணியிடம் ஏதோ ஒரு கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். நாகமணி ஒரே வார்த்தையில் பதில் சொன்னது மட்டும் அவருக்குத் தெரிந்தது.

ரவாங் போகும் வழி முழுக்க அவள் விளக்கப் புத்தகத்தைப் படித்தாள். உலகத்தில் குக்கர் விளக்கப் புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரைக்கும் படித்த முதல் ஆள் இவளாகத்தான் இருக்கும் என்று தேவதாஸ் சொல்லிப் பார்த்தார். அவள் பக்கத்தைப் புரட்டினாள். சிவப்பு விளக்கில் நின்றபோது தன் போனை எடுத்துப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தார்.

"மக கூப்புட்டுச்சா?" புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

"வேலையா இருக்கும்."

ஜீவனின் வீட்டுக் கதவைத் திறந்தவள் பிரேமலா. நாற்பது வயது, ரவாங்கில் ஒரு கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் வேலை. சாவு விடுப்பில் வீட்டில் இருந்தாள். கூடத்திலிருந்து பார்த்தாலே சமையலறை தெரிந்தது. திரை வைத்த குளிர்ப்பெட்டி, எண்ணெய் இல்லாமல் பொரிக்கும் பெட்டி, தன்னால் கிண்டும் சட்டி என்று எல்லாம் மின்மினிப் பூச்சி போல விளக்கு விட்டு விட்டு எரிய வரிசையாக உட்கார்ந்திருந்தன. அந்த வீட்டில் சமையல் வாசனை மட்டும் இல்லை.

"கோப்பி போடவா?" என்றாள் பிரேமலா.

"ஒன்னும் வேணாங்க," என்றாள் லில்லியன். தேவதாஸின் வயிறு அதை ஒத்துக்கொள்ளவில்லை.

ஜீவன் மாடியிலிருந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கி வந்தான். தொழிற்சாலையில் மேற்பார்வையாளன். விடுப்பு முடிந்து முந்தின நாள்தான் இரவு ஷிப்டுக்குப் போயிருக்கிறான். அப்பாவைக் கண்டெடுத்தவனும் அவன்தான்.

"தம்பி, நேராவே கேக்குறேன்," என்றார் தேவதாஸ். "போன வாரம் மத்தியானத்துல உங்க அப்பா வீட்டுக் குக்கர இங்கருந்து யாரு ஆன் பண்ணுனா?"

"இங்கருந்தா? ரமணி அக்காதான் அங்க அமுக்குவாங்க. நான் எதுக்கு அண்ணே?" ஜீவன் விழித்தான். "காலையில எட்டுக்குப் படுத்தா நாலு மணிக்குத்தான் எந்திரிப்பேன். எந்திரிச்சதும் மொத வேல போன்ல அந்த டிக்கப் பாக்குறது. சமையல் முடிந்ததுன்னு இருந்தா, அப்பா சாப்ட்டாருன்னு நிம்மதியாக் குளிக்கப் போவேன். போனு பண்ணுனா எடுக்க மாட்டாரு, சார்ஜே போட மாட்டாரு. அந்த டிக்குதான் எனக்கு." கையிலிருந்த போனைத் திருப்பிக் காட்டினான். "நானே கிட்ட உக்காந்து சோறு போட்ட மாதிரி இருக்கும் அண்ணே."

தேவதாஸுக்கு அவனைச் சந்தேகப்பட்டது கூச்சமாகிவிட்டது. நடிக்கிறவன் டிக்கைப் பற்றி இப்படிப் பேசமாட்டான்.

லில்லியன் கேட்டாள். "இன்னிக்குப் பன்னெண்டரைக்கு நாகமணி அக்காவுக்கு நீங்க கூப்புட்டீங்களா?"

"இல்லையே. போன ஆஃப் பண்ணிட்டுல்ல தூங்குனேன்."

"அந்த அக்காகிட்ட ஒன்னே ஒன்னு கேட்டேன். கூப்பிட்டது ஆம்பளக் குரலா, பொம்பளக் குரலான்னு." லில்லியன் பட்டியலை மேசை மேல் வைத்தாள். "குக்கர் ஓடுனது இந்த வீட்டுல ரெண்டே நிமிஷத்துல தெரிஞ்சிருக்கு. அதெல்லாம் தெரியாதுன்னு போலீசுல எழுதிக் குடுத்தவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

பிரேமலா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "சும்மா... விசாரிக்கத்தான் கூப்புட்டேன்."

"நேரத்தப் பாருங்க ஜீவன். ஒன்னு நாலு, ஒன்னு மூணு, ஒன்னு ஆறு, ஒன்னு ரெண்டு. வெள்ளிக்கிழம மட்டும் பன்னெண்டு முப்பத்து நாலு. அண்ணே, நம்ம ஊருல வெள்ளிக்கிழமன்னா என்ன?"

தேவதாஸுக்கு அப்போதுதான் உறைத்தது. "பள்ளிவாசல் தொழுக நாளு. ஆபீசுல எல்லாம் பன்னெண்டரைக்கே ரெஸ்ட்டு விட்டுருவாங்க. மத்த நாளு ஒரு மணிக்கு."

"தூங்குறவருக்கு வெள்ளிக்கிழம ஏது? நைட் ஷிப்டுக்கும் அது கெடையாது. ஆபீசுல சாப்பாட்டு நேரத்துக்கு எந்திரிக்கிறவங்களுக்குத்தான் அந்த அர மணி நேரம் மாறும்."

ஜீவன் மனைவியைப் பார்த்தான். அவன் பார்த்துக்கொண்டே இருந்ததுதான் அவளைப் பேசவைத்தது.

"ஞாயித்துக்கிழம சொல்லாம மாமா வீட்டுக்குப் போனேன்," என்றாள் பிரேமலா. "குக்கர்ல வெறும் சுடுதண்ணி. அடுப்புல பானை. மாமாவும் அந்தம்மாவும் சேந்து எட்டு மாசமா நம்மள ஏமாத்தியிருக்காங்க. நீங்க தெனம் அந்த டிக்கப் பாத்து சிரிப்பீங்களே. எனக்குத் தாங்கல. இனிமே வராதீங்கன்னு அவங்கள அனுப்பிட்டேன். பானையையும் கேஸையும் எடுத்துக்கிட்டு வந்துட்டேன். ரமணிய நிறுத்துனா நீங்க சண்டைக்கு வருவீங்கன்னு சொல்லல. ஒரு வாரம் ஒழுங்கா ஓடட்டும், அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். கறி எல்லாம் செஞ்சி பிரிட்ஜுல வச்சேன். திங்கக்கிழமைக்கு அரிசியும் தண்ணியும் நானே போட்டு வச்சேன். தெனமும் ராத்திரி நீங்க போட்டு வைங்க மாமா, நான் அங்கருந்து ஆன் பண்றேன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன்."

"திங்கக்கிழம சாப்ட்டுட்டு பானைய கழுவி வச்சிருக்காரு," என்றாள் லில்லியன். "அன்னைக்கு ராத்திரி அவரு அரிசி போடல. மறுநாள் காலையில விழுந்துட்டாரு. இப்ப உங்க போனக் கொஞ்சம் ஜீவன்கிட்ட குடுங்க."

"எதுக்கு?"

"புத்தகத்துல நாப்பத்தோராம் பக்கத்துல இருக்கு. சமையல் முடிஞ்சி ஒரு மணி நேரம் வரைக்கும் மூடி தொறக்கலன்னா அந்தக் குக்கரு கேக்கும். யாரு ஆன் பண்ணுனாங்களோ அவங்களத்தான் மொதல்ல கேக்கும். அவங்க பதில் சொல்லலன்னா அடுத்த போனுக்குப் போவும். ஜீவன் போனுக்கு எதுவுமே வரல."

பிரேமலா கொடுக்கவில்லை. ஜீவன் எழுந்து அவள் கையிலிருந்து எடுத்தான். அவள் பிடித்து வைத்துக்கொள்ளவும் இல்லை. அவன் விரல் திரையில் கீழே கீழே இறங்கி ஓரிடத்தில் நின்றது. பள்ளிக்கூடத்துப் பையன் பாடம் ஒப்பிப்பது போல அதை அப்படியே வாசித்தான்.

"செவ்வாய், ரெண்டு ஒம்போது. உணவு எடுக்கப்படவில்லை. எல்லாம் சரியா? பதில், ஓகே. புதன், ரெண்டு பன்னெண்டு. உணவு எடுக்கப்படவில்லை. எல்லாம் சரியா? பதில், ஓகே."

வியாழனை அவனால் வாசிக்க முடியவில்லை.

"மாமா ரோசக்காரரு," என்றாள் பிரேமலா. கண்ணீர் தாரை தாரையாக ஓடியது, ஆனால் குரல் அழவில்லை. "பானைய எடுத்துட்டேன்னு கோவிச்சிக்கிட்டு சாப்புடாமக் கெடக்காருன்னுதான் நெனச்சேன். பிரிட்ஜுல ரொட்டி இருக்கு, பசிச்சா தானாத் தொறப்பாருன்னு நெனச்சேன். சத்தியமா அப்படித்தான் நெனச்சேன்."

தேவதாஸ் அதை நம்பினார். அவள் பொய் சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி கருவேப்பிலைக்கு ரோசம் என்று நினைத்தாள், மருமகள் பானைக்கு ரோசம் என்று நினைத்தாள். எல்லாரும் அடுத்தவர் ரோசத்துக்கு மரியாதை கொடுத்துக் காத்திருந்தார்கள். மனிதர் தரையில் கிடந்தார்.

"அது சரி," என்றார் அவர். "ரமணி என்னம்மா பண்ணுச்சு? அத எதுக்கு உள்ள தள்ளுன?"

"போலீஸ்காரரு இவரு முன்னாடி வச்சிக் கேட்டாரு, வேலைக்காரிய நிறுத்துனீங்களான்னு. இல்லன்னு வாயில வந்துருச்சு. ஒரு தரம் சொல்லிட்டேன். அப்புறம் மாத்த முடியல."

"பானை எங்க?" என்று கேட்டான் ஜீவன்.

அவள் மாடிப்படிக்குக் கீழே இருந்த அறையைக் காட்டினாள். அவன் போய் எடுத்து வந்தான். அடி கறுத்து, விளிம்பு நெளிந்த பானை. அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, நெளிந்த விளிம்பை விரலால் தடவினான். பிறகு, "கெளம்பு. ஸ்டேஷனுக்குப் போய் நீ சொல்லாததச் சொல்லு" என்றான். காரில் ஏறும்போதும் பானையை அவன் கீழே வைக்கவில்லை.

ரமணியை மாலை ஐந்தரைக்கு வெளியே விட்டார்கள். அக்கா காளியம்மா ஓடிப் போய்க் கட்டிக்கொண்டாள். ரமணி அழுவாள் என்று தேவதாஸ் நினைத்தார், அவள் அழவில்லை. லில்லியனிடம் வந்து, "பெரியவருக்குப் படைச்ச சோறு பானையில வடிச்சதாம்மா?" என்று கேட்டாள். லில்லியனுக்குத் தெரியவில்லை. தெரிந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள்.

அவர்கள் போன பிறகு இருவரும் காரிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

"இதுக்குத்தான் பாஸு சொல்றேன், பழைய சாமானே மேலு. பாட்டுப் பாடுற குக்கரால ஒரு உசுரு போச்சு."

"குக்கர ஏண்ணே திட்டுறீங்க? அது கேட்டுச்சு. நாலு நாளு, நாலு தரம், எல்லாம் சரியான்னு கேட்டுச்சு. மனுசங்கதான் ஒருத்தரும் கேக்கல."

தேவதாஸ் போனை எடுத்துப் பார்த்தார். காலையிலிருந்து ஒரு அழைப்பும் இல்லை. கெட்டில் ஓடவில்லை என்ற ஒன்பது மணிச் சேதி போய் எட்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. லில்லியன் பார்க்காதது போலக் கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். அவர் மகளின் எண்ணை அழுத்தினார். நாலைந்து மணி அடித்த பிறகு ஷெல்லி எடுத்தாள்.

"அப்பா, மீட்டிங்ல இருக்கேன்பா. ஏதும் அவசரமா?"

"இல்லம்மா. சும்மாதான். காலையில கெட்டில் சேதி வந்துச்சா?"

"வந்துச்சே. காலையிலயே பாத்தேன்பா, எல்லாம் ஓகே. கரெக்டா தேத்தண்ணி குடிச்சிட்டீங்கல்ல?"

"ஆமாம்மா," என்றார் தேவதாஸ். "குடிச்சிட்டேன். நல்லா சூடா இருந்துச்சு."